சுவரின் வர்ணமும் சேலையின் வர்ணமும்

சென்ற ஆண்டு என் சரகத்தைச் சேர்ந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் ஒரு புகாரை விசாரிக்க நேர்ந்தது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. நடந்தது எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடியதே. நாற்பது பருத்திச் சேலைகள் நெய்து முடிந்து கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது அவற்றின் நிறம் செத்துக் கிடந்தது. சாயத்தில்தான் குறை என்று நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதி, சாயமேற்றிய முதிய அங்கத்தினருக்குச் சேரவேண்டிய கூலியை நிறுத்தி வைத்தார்கள். அவர் இலாகாவுக்கு மனுச் செய்துகொண்டார். மனு என் கைக்கு வந்தது.

கணக்குப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிறத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறும் யோக்கியதை உண்டா என்ற ஐயத்துடனேயே சென்றேன். மிச்சமிருந்த நூற்சிட்டங்களைக் கொண்டுவரச் சொன்னேன். ரோஜா நிறச் சிட்டம் ஒன்று; இலைப்பச்சைச் சிட்டம் ஒன்று. வாசலில் வெயிலில் தூக்கிப் பிடித்தபோது இரண்டும் கண்ணைப் பறித்தன. அவற்றின் பக்கத்தில் சேலையை விரித்தேன். மழையில் நனைந்த கோணிச்சாக்கைப் போல அது கிடந்தது. சாயக்காரப் பெரியவர் திண்ணையோரமாக நின்றுகொண்டிருந்தார். “நூலிலே குத்தம் இல்லீங்க ஐயா, சேர்க்கையிலேதான் குத்தம்” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில் விஷயம் சுவாரசியமாயிற்று. சங்கத் தலைவரின் மகள் பட்டணத்தில் கட்டடக்கலை பயில்கிறாள். விடுமுறையில் வந்தவள் தன் கைபேசியில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டியிருக்கிறாள். உயரமான ரோஜா நிறச் சுவர். முன்னால் அசையாத நீர். பின்னால் மரங்களின் பச்சை. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ‘இதே நிறத்தில் சேலை வந்தால் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள்’ என்று குழுவில் ஒருமனதாக முடிவாயிற்று. பாவுக்கு ரோஜா, ஊடைக்குப் பச்சை என்று கட்டளை போயிற்று. மாதிரி எதுவும் நெய்து பார்க்கவில்லை. படந்தான் கையில் இருக்கிறதே, மாதிரி எதற்கு என்பது அவர்கள் எண்ணம்.

படத்தைக் காட்டிய பெண்ணின் மீது நான் குறை காணமாட்டேன். கைத்தறிக்குப் புதிய கண் வேண்டும். கணினித் திரையிலும் கைபேசியிலும் விரிகிற பக்கங்கள், விளம்பரத் தாள்கள், வீட்டின் உள்ளலங்காரம், வண்ணம் தீட்டிய கட்டடங்கள் ஆகிய யாவும் நெசவாளியின் பார்வைக்கு வரவேண்டியவையே. நம் முன்னோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நம் நிறங்களின் பெயர்களையே பாருங்கள்: மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி, கனகாம்பரம், வெங்காயத்தோல், பாக்கு. பறவையும் பூவும் தோட்டமும் சமையற்கட்டும் சேலைக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. கரைகளிலோ கட்டடம் நிற்கிறது. காஞ்சிபுரத்துக் கோயில் கரையில் கோபுரமே வரிசை கட்டி நிற்கிறது. யாளியும் அன்னமும் கற்றூணிலிருந்து இறங்கிப் பட்டுக்கு வந்தவை. ஆகையால் கட்டடத்தைப் பார்த்துச் சேலை நெய்வது புதுமையும் அன்று, பிழையும் அன்று. பார்த்ததிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் அந்தச் சங்கம் இடறிற்று.

அந்தப் படத்திலிருந்த கட்டடத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அது மெக்ஸிகோ நகரத்தின் அருகே 1968-ல் கட்டி முடிந்த சான் கிறிஸ்டோபல் என்னும் குதிரை லாயமும் வீடும். கட்டியவர் லூயிஸ் பர்ரகான் என்ற சிற்பி. 1902-ல் பிறந்து 1988-ல் மறைந்தவர். கட்டடக்கலைக்குரிய பிரிட்ஸ்கர் பரிசை 1980-ல் பெற்றவர். இவர் வேலை செய்த முறையை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. இவர் கட்டடத்தை வரையும்போது வர்ணத்தைப் பற்றி நினைப்பதில்லையாம். சுவர் எழும்பிய பிறகு, ஒரே நாளில் வெவ்வேறு வேளைகளில் அங்கே போய் நிற்பார். ஓவியப் புத்தகங்களைப் புரட்டுவார். மனத்தில் தோன்றிய நிறத்தைப் பெரிய அட்டைகளில் பூசச் செய்து, வெறுஞ்சுவர் மீது சாத்திவைப்பார். பல நாள் அப்படியே விட்டுவைத்து, இடம் மாற்றி, வேறு சுவரோடு ஒப்பிட்டு, பிறகுதான் தீர்மானிப்பார். அதாவது, நம்மவர்கள் எந்தப் படத்தைப் பார்த்து ‘மாதிரி வேண்டாம்’ என்று முடிவு செய்தார்களோ, அந்தப் படத்திலுள்ள சுவரே மாதிரி வைத்துப் பார்த்துப் பிறந்த சுவர்.

கல்லூரியில் நான் பயின்றது பௌதிகம். அந்த உரிமையில் ஒரு சிறு விளக்கம் கூறுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். கைபேசித் திரையில் தெரியும் நிறம் ஒளியால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறப் புள்ளிகள் அங்கே ஒளிவிடுகின்றன. திரையில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் கிடைக்கும். நூல் அப்படியன்று. அதற்குச் சொந்த ஒளி இல்லை. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பித் தருகிறது. சிவப்பு நூல் திருப்பித் தருவதைப் பச்சை நூல் தருவதில்லை. பச்சை தருவதைச் சிவப்பு தருவதில்லை. இரண்டையும் பாவும் ஊடையுமாகக் கோத்தால், தனித்தனியே காணமுடியாத சிறு புள்ளிகளாகி, ஒன்றன் நிறத்தை மற்றது கெடுத்துச் சாம்பலும் பழுப்புமாகத் தெரிகின்றன. நாற்பது சேலைகளுக்கு நேர்ந்தது இதுவே.

‘பட்டில் மட்டும் நீலப் பாவும் பச்சை ஊடையும் சேர்ந்து மயில்கழுத்தாக மின்னுகின்றனவே?’ என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நீலமும் பச்சையும் உறவினர். சிவப்பும் பச்சையும் எதிரிகள். தவிரவும் பட்டிழை வழவழப்பானது. மடிப்பு அசையும்போது ஒரு பக்கம் பாவின் நிறமும் மறுபக்கம் ஊடையின் நிறமும் மாறி மாறிப் பளிச்சிடும். பருத்தி நூலின் மேலுள்ள சன்னமான பிசிறு ஒளியைச் சிதறடித்துவிடுவதால் அந்த விளையாட்டு அதில் அவ்வளவாக நடப்பதில்லை. பட்டுக்குப் பொருந்துகிற கணக்கைப் பருத்தியில் போட்டால் விடை வேறாக வரும்.

இதற்கு இணையான வழக்கு ஒன்று இரு நூற்றாண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்திலேயே நடந்திருக்கிறது. அங்கே கோப்லான் என்ற பெயருடைய அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடம் ஒன்று உண்டு. மிஷெல் ஷெவ்ரல் என்ற இரசாயன அறிஞர் 1824-ல் அதன் சாயப்பகுதிக்குத் தலைவரானார். கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை, சாயம் மட்டம் என்று நெசவாளிகள் அவரிடம் முறையிட்டார்கள். அவர் அந்தக் கறுப்பு நூலை வேறு பட்டறைகளில் சாயமேற்றிய கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்பை நெய்தபோதுதான் அது வெளிறித் தோன்றிற்று. பக்கத்து நிறத்துக்கு எதிரான நிறத்தின் சாயல் கறுப்பின்மேல் படிவதாகக் கண் எண்ணிக்கொள்கிறது, அவ்வளவே. இந்த உண்மையைப் பல ஆண்டு ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். ஓவியர்கள் அதைப் படித்துத் தங்கள் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். தறியில் எழுந்த ஒரு புகாரிலிருந்து ஓவியர்கள் பாடம் கற்ற கதை இது. நிறத்தின் விஷயத்தில் நெசவாளி எப்போதும் கடன் வாங்குகிறவன் என்று எண்ணவேண்டியதில்லை.

ஷெவ்ரல் நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தார். சாயக்காரர்கள் மீது வந்த பழியை அவர் உடனே நம்பியிருந்தால் எத்தனை பேர் கூலியை இழந்திருப்பார்களோ!

இனி, கட்டடங்களைப் பார்த்து எதை எடுத்துக்கொள்வது என்பதற்கு வருவோம். என் அபிப்பிராயம் இது: நிறத்தை எடுத்துக்கொள்ளவேண்டாம், அளவை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் எது நிற்கிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலந்து தேசத்தில் உட்ரெக்ட் என்னும் ஊரில் கெரிட் ரீட்வெல்ட் 1924-ல் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அவர் தச்சரின் மகன். தாமும் நாற்காலி மேசை செய்து வளர்ந்தவர். அந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்றுதான் பேசுகிறார்கள். படத்தை நன்றாகப் பாருங்கள். வீட்டின் வெளிப்புறத்தில் பெரும்பகுதி வெள்ளையும் சாம்பலுமே. சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒரு கம்பி, ஒரு சட்டம், ஒரு விளிம்பு என்ற அளவில்தான் இருக்கின்றன. குறைவாக இருப்பதனாலேயே அவை மனத்தில் தங்குகின்றன. கரையிலும் முந்தியிலும் மட்டும் நிறத்தை நிறுத்தி உடலைச் சாந்தமாக விட்ட நம் பழைய சேலைகளுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள உறவு, நிறத்தை அப்படியே பெயர்த்தெடுத்து நெய்கிற சேலைக்கு இல்லை.

மெக்ஸிகோவின் ரோஜாச் சுவரும் இதையே வேறு வகையில் சொல்கிறது. அங்கே ரோஜா ஒரு முழுச் சுவர். பச்சை தூரத்து மரங்களில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் வானமும் நிழலும் இடம் விட்டிருக்கின்றன. எதிரிகளை ஒரே வீட்டில் குடிவைத்தாலும் வெவ்வேறு அறைகளில் வைக்கவேண்டும். நம்மவர்கள் ஒரே பாயில் படுக்கவைத்தார்கள்.

இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. செட்டிநாட்டுப் பக்கம் போகிறவர்கள் ஆத்தங்குடியில் இறங்கித் தரைக்கல் செய்யும் பட்டறைகளில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூ வேலைத் தகட்டச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியவுடன் ஒரு நிறமும் மற்றொரு நிறமும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரச் சாந்து நிரப்பி, தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தி, உலர்த்துகிறார்கள். கண்ணாடியை விட்டுப் பிரியும் முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக இருக்கிறது. சூளை இல்லை, சக்கரம் இல்லை, கையும் கண்ணும்தான்.

அதைவிட முக்கியமானது, அந்தக் கற்களைத் தரையில் பாவும் முறை. கூடத்தின் நடுவில் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும், அது உடல். சுற்றிலும் வேறு மாதிரிக் கல் ஓடும், அது கரை. மூலையில் கரை திரும்புவதற்கென்று தனிக் கல் உண்டு. அதற்கப்பால் சுவர்வரை ஒரே நிறத்தில் வெறுங்கல். இதைச் செய்த கொத்தனாருக்கும் கண்டாங்கி நெய்த நெசவாளிக்கும் பேச்சுவார்த்தை நடந்ததோ இல்லையோ, இருவரும் ஒரே இலக்கணம் கற்றவர்கள். கண்டாங்கியில் அரக்கும் மஞ்சளும் கறுப்பும் கட்டங்களாக வருகின்றன. கரை அகலமாக நிற்கிறது. நிறங்கள் வெட்டியதைப் போலத் தனித்தனியே தெரிகின்றன. முரட்டுப் பருத்தி நூலில் அவ்வளவு கண்ணைப் பறிக்கும் சேலை எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி இடம் கொடுத்ததனால் வந்தது. கட்டம் சிறுத்து மயிரிழைக் கோடாகியிருந்தால் அதுவும் தூரத்தில் சாக்குதான்.

கட்டடக்காரர்கள் நெசவாளியிடம் வந்து நிற்கிற சந்தர்ப்பமும் உண்டு என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சண்டிகாரில் லெ கொர்பூசியே கட்டிய உயர்நீதிமன்றம் 1955-ல் திறக்கப்பட்டது. வாயிலில் நிற்கும் மூன்று பெருந்தூண்களுக்கும் மூன்று நிறம். உள்ளே நீதிபதிகளின் மண்டபங்கள் வெறுங் காங்கிரீட்டாக இருந்தபடியால் பேச்சு எதிரொலிக்கும். அதைத் தணிக்கச் சுவரளவு திரைச்சீலைகளைப் பல நிறங்களில் அவரே வரைந்து கொடுத்தார். காஷ்மீரத்து நெசவாளிகள் கையால் நெய்தார்கள். காங்கிரீட்டினால் ஆகாத காரியத்தைக் கம்பளி நூல் செய்தது.

விவசாயி அங்கத்தினர்கள் இதெல்லாம் தங்களுக்கு அயல் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உற்பத்தியாளர் சங்கமொன்று மஞ்சள்தூளை மஞ்சள் நிறப் பொட்டலத்தில் போட்டு விற்கிறது. பொட்டலத்தில் பாதி கண்ணாடித்தாள். உள்ளிருக்கும் தூள் தெரியவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அச்சு மஞ்சளுக்குப் பக்கத்தில் அசல் மஞ்சள் வெளிறித் தோன்றுகிறது. கடையில் கையிலெடுத்த பெண்மணி ஒருத்தி, ‘பழைய சரக்கு போலிருக்கிறது’ என்று திரும்ப வைத்ததை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பொட்டலத்தை ஆழ்ந்த நீலத்தில் அச்சிட்டால் அதே தூள் தங்கம் போலத் தெரியும். ஷெவ்ரலின் கறுப்பு நூலுக்கு நேர்ந்தது இங்கே மஞ்சளுக்கு நேர்ந்திருக்கிறது. அச்சகத்தாருக்கு நிறம் மாற்றுவதில் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. விளைவித்தவனின் ஒரு வருஷ உழைப்பு அந்தத் தாளுக்குள்தான் இருக்கிறது.

‘டிசைன் விஷயம் நிபுணர்களுடையது, நாம் நெய்து கொடுத்தால் போதும்’ என்ற பேச்சை நிர்வாகக் குழுக்களில் அடிக்கடி கேட்கிறேன். நிபுணர்களின் உதவியை நான் மறுக்கவில்லை. 1956 முதல் ஏற்படுத்தப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் நாட்டின் சிறந்த ஓவியர்கள் சிலர் வேலை பார்த்திருக்கிறார்கள். கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாய் மையத்தில் இருந்தார். வங்காளத்து ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் இருந்தார். இத்தகையவர்கள் தாளில் வரைந்தால் மட்டும் போதாதென்று தறிக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தது நல்ல ஏற்பாடு. ஓவியன் தறிக்கு வரவேண்டும் என்றால், நெசவாளி மாத்திரம் குழுவறைக்கு வெளியில் நிற்கலாமா? அந்த நாற்பது சேலைகளைத் தீர்மானித்த கூட்டத்தில் சாயக்காரப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ரோஜாவையும் பச்சையையும் கோக்கவேண்டாம் என்று அப்போதே சொல்லியிருப்பார். ‘யாருங்க கேட்டாங்க?’ என்றுதான் அவர் என்னிடம் சொன்னார்.

மாதிரி நெய்வது வீண் செலவு என்பதும் தவறான கணக்கு. ஆறு நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் மூன்று அங்குல அகலத்துக்கு ஒரு நிறமாக ஆறு பட்டைகள். அதே வரிசையில் ஊடையிலும் மூன்று மூன்று அங்குலமாக ஆறு பட்டைகள். முழ அகலமும் முழ நீளமுமான ஒரு துண்டில் முப்பத்தாறு கட்டங்கள் கிடைத்துவிடும். ஆறு கட்டங்களில் தனி நிறம். மற்ற முப்பதில் கலப்பு நிறம். எது எதனோடு வாழும், எது எதைக் கொல்லும் என்பதை அந்தத் துண்டு எந்த நிபுணரையும்விடத் தெளிவாகச் சொல்லும். இதைச் சங்கத்தில் ஒரு தறியில் நெய்து, காலையில் ஒரு தடவை, உச்சிவேளையில் ஒரு தடவை, மின்விளக்கின் கீழ் ஒரு தடவை பார்க்கவேண்டும். கடைகளில் சேலையைப் பெரும்பாலும் மின்விளக்கில்தான் காட்டுகிறார்கள்; உடுத்துகிறவர்கள் வெயிலில் நடக்கிறார்கள்.

இந்த மாதிரித் துணிக்கும் அதை நெய்கிறவரின் கூலிக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கும்படி பொதுக்குழுவில் அங்கத்தினர்களே கேட்கவேண்டும். மாதிரி நெய்து குழு ஒப்புக்கொண்ட சேர்க்கையில் பிறகு குறை தோன்றினால், அதன் நஷ்டம் சங்கத்தினுடையது. நெய்தவர் கூலியிலோ சாயமேற்றியவர் கூலியிலோ கை வைக்கலாகாது. மாதிரியே நெய்யாமல் கட்டளையிட்டிருந்தால் அப்போதும் கை வைக்கலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். இது இலாகாவின் உத்தரவன்று. என் சொந்த அபிப்பிராயம். என் மேலதிகாரிகளில் சிலருக்கு இது உடன்பாடில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மனுவின் முடிவை அறிய விரும்புவோருக்காகச் சொல்கிறேன். சிட்டங்களையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் குழுவினருக்குக் காட்டினேன். தலைவர் நேர்மையான மனிதர், நெடுநேரம் பார்த்தார். நிறுத்தி வைத்த கூலியை அந்த வாரமே கொடுத்துவிடத் தீர்மானமாயிற்று. நாற்பது சேலைகள் பண்டிகைத் தள்ளுபடியில் பாதி விலைக்குப் போயின. அந்த நஷ்டம் ஏட்டில் இருக்கிறது, அதை மறைக்க வழியில்லை.

மிச்சமிருந்த அதே ரோஜா நூலையும் அதே பச்சை நூலையும் வைத்துப் பெரியவரும் தலைவரின் மகளும் சேர்ந்து மூன்று மாதிரிகள் நெய்வித்திருக்கிறார்கள். ஒன்றில் உடல் முழுவதும் ரோஜா, இரண்டு விரற்கடைப் பச்சைக் கரை, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. மற்றொன்றில் உடல் கோரா வெள்ளை. கரையில் ரோஜாவும் முந்தியில் பச்சையும். மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மூன்றும் இப்போது சங்கக் கட்டடத்தின் முன்வாசலில் கொடியில் தொங்குகின்றன. கூலி வாங்க வருகிற அங்கத்தினர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுத் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இருக்கிறார்கள்.